ரோஹட்டில் ஒரு புல்லட் பேரணி

ஜோத்பூரிலிருந்து பாலி நகருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், ரோஹட் என்னும் சிற்றூர் உள்ளது. மேற்கு ராஜஸ்தானின் மற்றச் சிற்றூர்களைப் போலவே ஒரு கடைத்தெரு, ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு காவல் நிலையம், அவற்றைச் சுற்றி வறண்ட வயல்கள். சாலையோரங்களில் கேஜ்ரி மரங்கள் நிற்கின்றன. அவை வேறு எவையும் அல்ல, நம் வன்னி மரங்களே. தமிழ்நாட்டுச் சிவன் கோவில்கள் சிலவற்றில் தலமரமாக விளங்கும் வன்னிதான் ராஜஸ்தானின் மாநில மரம்.

இந்தப் பகுதியில் புல்லட் மோட்டார் சைக்கிளுக்கு உள்ள மதிப்பு வேறு எங்கும் காண இயலாதது. ரோஹட்டை அடுத்த சோட்டிலா என்னும் ஊரின் அருகே, நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு புல்லட் வண்டிக்கே கோவில் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஓம் பன்னா என்னும் இளைஞர் அவ்விடத்தில் மரத்தில் மோதி உயிரிழந்தார். அவருடைய வண்டியைக் காவலர்கள் ரோஹட் காவல் நிலையத்துக்குக் கொண்டு சென்றார்கள் என்றும், மறுநாள் அது தானாகவே விபத்து நடந்த இடத்துக்குத் திரும்பி வந்து நின்றது என்றும் ஊரார் கூறுவர். ஆர்.என்.ஜே. 7773 என்னும் எண்ணுடைய அவ்வண்டி இன்று மாலைகள் சூடிக் கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கிறது. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆயினும், அங்கே வந்ததும் லாரி ஓட்டுநர்களும் வேகத்தைக் குறைத்து வண்டியை நிறுத்துகிறார்கள். எந்த அறிவிப்புப் பலகையும் செய்ய முடியாத வேலை அது.

குளிர்காலம் முடியும் தறுவாயில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோஹட்டில் பழைய மோட்டார் சைக்கிள்களின் பேரணி நடைபெற்றது. பால் வியாபாரிகள், உழவர்கள், கடைக்காரர்கள், கல்லூரி மாணவர்கள், ஜோத்பூர் விமானப்படைத் தளத்தில் பணியாற்றுவோர் எனப் பலரும் தத்தம் வண்டிகளுடன் கூடினர். திடலிலிருந்து ஓம் பன்னா கோவில் வரை சென்று திரும்புவது திட்டம். மிகப் பழைய வண்டிகள் மட்டும் சாலைக்குச் செல்லாமல், திடலின் ஓரத்தில் பார்வைக்காக வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தன.

அந்தக் கூட்டத்தில் ஒரு தமிழ்க் குடும்பமும் இருந்தது. தந்தை விமானப்படையில் தொழில்நுட்பப் பணியாளர். அவர் நண்பர்களுடன் விடியுமுன்பே வண்டியில் புறப்பட்டுவிட்டார். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளும், திருவொற்றியூரிலிருந்து வந்திருந்த தாத்தாவும் பேருந்தில் வந்து சேர்ந்தனர்.

பாட்டி இறந்தபின், எட்டு மாதங்களுக்கு முன்னர்த்தான் தாத்தா ஜோத்பூருக்கு வந்திருந்தார். குடியிருப்பில் அவருடன் பேச அண்டை வீட்டார் எவருக்கும் தமிழ் தெரியாது. அவருக்கு இந்தி தெரியாது. காலையில் வாயிற்கதவு வரை நடப்பார், திரும்பி வருவார். தொலைக்காட்சியில் ஒலியைக் குறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பார். வாரத்துக்கு ஒருமுறையாவது, "எனக்கு ஊருக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடு" என்று மகனிடம் சொல்லிவிடுவார்.

வெளியே செல்லும்போதெல்லாம் பேத்தியே அவருக்கு வாயும் செவியும். வீட்டில் தமிழும் வெளியில் இந்தியுமாக வளரும் பிள்ளைகள் இந்த வேலையை நன்கு அறிவர். ஊதியமும் இல்லை, விடுமுறையும் இல்லை. பலரும் அதை ஒரு வேலையாகவே கருதுவதில்லை. அவளும் தனக்குத் தெரிந்த அளவில் அதைச் செய்துவந்தாள். அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. தாத்தா பத்து வாக்கியம் பேசினால், அவள் ஒரு வாக்கியமாகச் சுருக்கிச் சொல்லிவிடுவாள். முடிதிருத்தும் கடையில் அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. மருத்துவரிடம் குறைந்தது. படியில் ஏறும்போது வலி இல்லை, இறங்கும்போதுதான் வலது முழங்காலின் உட்புறம் குத்துகிறது, அதுவும் காலை வேளையில் மட்டுமே என்று தாத்தா விளக்கினார். "முழங்கால் வலி" என்றாள் அவள். மருத்துவர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

தாத்தாவை இந்தப் பேரணிக்கு அழைத்து வந்ததற்குக் காரணம் உண்டு. அவர் 34 ஆண்டுகள் புல்லட் வண்டி செய்தவர்.

புல்லட் இங்கிலாந்தில் தோன்றியது. ரெட்டிச் என்னும் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம் அதைச் செய்தது. 1950-களின் தொடக்கத்தில் இந்திய இராணுவம் அவ்வண்டிகளைப் பெருமளவில் வாங்கியது. மேடு பள்ளம் பாராமல் ஓடியதால் வண்டிக்கு நல்ல பெயர் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் கப்பலில் வரவழைப்பதைவிட இங்கேயே செய்வது மேல் அல்லவா? 1955-இல் அந்த நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. சென்னைக்கு வடக்கே, கடலோரத் திருவொற்றியூரில் எழுந்த தொழிற்சாலை 1956-இல் இயங்கத் தொடங்கியது. முதலில் உதிரிப் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன, இங்கே பொருத்தப்பட்டன. அவ்வாண்டு முடிவதற்குள் உருவானவை 163 வண்டிகளே. பிறகு பாகங்களும் படிப்படியாக இங்கேயே செய்யப்பட்டன. இதற்கிடையே தாய் நிறுவனம் நலிவுற்றது. 1970-ஆம் ஆண்டோடு இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி நின்றுபோயிற்று. திருவொற்றியூரில் மட்டும் புல்லட் தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது. 1971-இல், இருபது வயதில், தாத்தா அங்கே எந்திரம் பொருத்தும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார்.

பேரணி புறப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பியபோது நிலமே அதிர்ந்தது. கையசைத்துக்கொண்டு தந்தையும் சென்றார். புழுதி அடங்கியதும் திடலில் சிறுவர்களும் முதியவர்களும் பஜ்ஜிக் கடைக்காரரும் மட்டும் எஞ்சினர். ஜோத்பூர்ப் பகுதிக்கே உரிய மிர்ச்சி வடாவை அவர் பொரித்துக்கொண்டிருந்தார். பெரிய பச்சை மிளகாயைக் கீறி, உள்ளே மசாலா உருளைக்கிழங்கை அடைத்து, கடலைமாவில் தோய்த்துப் பொரிப்பது அது. தாத்தா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "நம் மெரினா மிளகாய் பஜ்ஜிக்கு அண்ணன் போலிருக்கிறதே கண்ணு!" என்றார். அன்று காலை அவர் பேசிய முதல் நீண்ட வாக்கியம் அதுதான்.

பின்னர் இருவரும் பழைய வண்டிகளின் வரிசையைப் பார்க்கச் சென்றனர். நான்காவதாக ஒரு கரும்பச்சைப் புல்லட் நின்றது. துடைத்துத் துடைத்து மெருகேறிய வண்டி. முகம் பார்க்கலாம் போல மின்னியது பெட்ரோல் டேங்க். செந்நிறத் தலைப்பாகை அணிந்த அதன் உரிமையாளர், சூழ்ந்து நின்ற கல்லூரி மாணவர்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியின் முன் ஓர் அட்டை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் இந்தியில் எழுதியிருந்ததைப் பேத்தி தாத்தாவுக்குப் படித்துக் காட்டினாள்.

"பிறப்பு: இங்கிலாந்து, 1974."

தாத்தா குனிந்து வண்டியைப் பார்த்தார். நிமிர்ந்து அட்டையைப் பார்த்தார்.

"அவர் என்ன சொல்கிறார்?"

"அவருடைய அப்பா பட்டாளத்தில் இருந்தவராம் தாத்தா. 1974-இல் புதிதாக வாங்கினாராம். இது விலாயதி வண்டி என்று சொல்லித்தான் பிள்ளைகளிடம் கொடுத்தாராம். விலாயதி என்றால்…" அவள் தயங்கினாள். "வெளிநாட்டு…"

"சீமை என்று சொல். சீமை எண்ணெய் என்பதில்லையா, அந்தச் சீமை." தாத்தாவின் குரல் உயர்ந்தது. "1974-இல் சீமையில் ஏது தொழிற்சாலை? அதைத்தான் 1970-லேயே மூடிவிட்டார்களே! இது மெட்ராஸ் வண்டி. எங்கள் கையால் செய்த வண்டி. அவரிடம் சொல்."

பேத்தி உரிமையாளரைப் பார்த்தாள். அவரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தனர். மாணவர்கள் அட்டையோடு சேர்த்து வண்டியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தனர். அத்தனை பேருக்கு நடுவே, வயதில் மூத்த ஒருவரிடம், நீங்கள் சொல்வது தவறு என்று சொல்ல வேண்டும். சொல்வது தாத்தாவாக இருந்தாலும், வாய் அவளுடையது. கோபம் வந்தால் அது முதலில் வந்து விழுவதும் அவள் மேல்தான்.

அவள் கைகூப்பி, "கம்மா கணி" என்று மார்வாரி முறையில் வணக்கம் சொன்னாள். பின்பு இந்தியில், "உங்கள் வண்டி மிகவும் சுந்தரமாக இருக்கிறது என்று என் தாத்தா சொல்கிறார்" என்றாள். அவர் மகிழ்ந்து தாத்தாவைப் பார்த்துத் தலை தாழ்த்தினார்.

தாத்தா தலை தாழ்த்தவில்லை. அவர் பேத்தியைக் கடிந்துகொள்ளவும் இல்லை. மெல்லிய குரலில் இவ்வளவுதான் கூறினார்:

"நான் சொன்னதில் மெட்ராஸ் என்று ஒரு சொல் இருந்தது கண்ணு. நீ சொன்னதில் அது இல்லையே."

எட்டு மாதங்களில் அவள் சுருக்கிய எத்தனையோ பேச்சுகளில் இதைப் போன்ற சொற்கள் விடுபட்டிருக்கும். அவற்றையெல்லாம் அவர் கவனித்துக்கொண்டேதான் இருந்தாரா என்று அவள் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை, உரிமையாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மீண்டும் தொடங்கினாள். இம்முறை ஒன்றையும் விடவில்லை. தாத்தா திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் 34 ஆண்டுகள் வேலை செய்தவர் என்பதையும், இங்கிலாந்தில் 1970-இலேயே உற்பத்தி நின்றுவிட்டது என்பதையும், ஆகவே 1974-இல் வாங்கிய புது வண்டி மெட்ராஸில்தான் பிறந்திருக்க வேண்டும் என்பதையும் சொன்னாள்.

மாணவர் ஒருவர் சிரித்துவிட்டார். உரிமையாளரின் முகம் மாறியது. சற்று நேரம் அவர் பேசவே இல்லை. பிறகு, தாத்தாவை நோக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதையும் அவள்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்படியானால் என் அப்பா பொய் சொன்னாரா என்று கேட்கிறார் தாத்தா."

தாத்தா உடனே பதில் கூறவில்லை. அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வண்டியின் பிறப்பைப் பற்றி மட்டுமே அவர் எண்ணியிருந்தார். எதிரே நின்றவருக்கோ அது தந்தையின் சொல். மறைந்துபோன ஒருவரின் சொல்லைப் பலர் முன்னிலையில் பொய்யென்று சொல்ல எவருக்குத்தான் மனம் வரும்?

"இல்லை என்று சொல் கண்ணு" என்றார் அவர் நிதானமாக. "பொய் இல்லை. அந்தக் காலத்தில் நல்ல பொருள் எதுவானாலும் சீமைப் பொருள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான். நான் அந்தத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன பிறகும் என் மாமனார் அதைச் சீமை வண்டிக் கம்பெனி என்றே சொல்வார். அவர் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்."

அவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார், அவள் அதை இந்தியில் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார், பின்பு அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவார். அப்படி நிறுத்திப் பேச அவர் அதற்குமுன் பழகியதே இல்லை.

"இன்னொன்றும் சொல். 1977-இல் நாங்கள் புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தோம். பெட்டிகளில் அடைத்து அனுப்பினோம். சீமைக்காரர்களுக்கு அது மெட்ராஸ் வண்டி."

இதைக் கேட்டதும் உரிமையாளர் வாய்விட்டுச் சிரித்தார். மாணவர்களும் சிரித்தனர். மாமனார் கதை சாதிக்காததை ஏற்றுமதி சாதித்தது. அவர் பஜ்ஜிக் கடைக்காரரை அழைத்து மூன்று தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

அதன்பின் பேத்திக்கு வேலை குறைந்தது. வண்டியைக் கிளப்பிக் காட்டுமாறு தாத்தா கையால் சைகை செய்தார். பழைய புல்லட்டை வலிமையால் கிளப்ப முடியாது, அதற்கு ஒரு முறை உண்டு. கிக்கரை மெல்ல அழுத்தும்போது அம்மீட்டரின் முள் ஆடும். முள் நடுவில் வந்து நிற்கும் இடத்தில் காலை நிறுத்த வேண்டும். இடக்கைப் பக்கத்து டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் சிறிது கீழே நகர்த்தி, லீவரை விட்டுவிட்டு, பிறகு உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி உதைக்கும், கணுக்கால் வீங்கிவிடும். உரிமையாளர் இடையில் அவசரப்பட்டபோது தாத்தா ஒரு விரலை உயர்த்தினார். அவர் காத்திருந்தார். முள் நடுவுக்கு வந்தது. ஒரே உதையில் வண்டி உயிர்பெற்றது.

"என் அப்பாவும் இப்படித்தான் விரலைத் தூக்குவார்" என்றார் உரிமையாளர். பேத்தி அதைத் தமிழில் சொன்னபோது தாத்தா வண்டியின் ஒலியில் ஆழ்ந்திருந்தார். தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், "டாப்பெட்" என்றார்.

"டாப்பெட்?" என்றார் உரிமையாளர்.

அச்சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. டாப்பெட், கிளட்ச், பிஸ்டன் போன்ற சொற்களுக்கு மெக்கானிக் கடைகளில் மாநில எல்லை இல்லை. ஆனால், அதற்கு அடுத்து வந்ததற்குத் தேவைப்பட்டது. எந்திரம் நன்றாகக் குளிர்ந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் தள்ளுகம்பியை இரண்டு விரல்களுக்கு இடையில் பிடித்து உருட்டினால் அது தடையின்றிச் சுழல வேண்டும். ஆனால், மேலும் கீழும் ஆடக் கூடாது. சுழலவில்லை என்றால் இறுக்கம், ஆடினால் தளர்வு. இந்த வண்டியில் ஒன்று ஆடுகிறது என்பது ஒலியிலேயே தெரிகிறது. தள்ளுகம்பிக்கு இந்தியில் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, இரு விரல்களுக்கு இடையில் உருட்டிக் காட்டினாள். பின்பு மேலும் கீழும் ஆட்டிக் காட்டி, "இப்படி இருக்கக் கூடாது" என்றாள். உரிமையாளர் அதே பென்சிலை வாங்கித் தாமும் உருட்டிப் பார்த்தார்.

அந்தப் பென்சிலாலேயே ஊரின் பெயரை எழுதித் தருமாறு கேட்டார். அவள் ஒரு தாளில் தேவநாகரி எழுத்தில் எழுத முயன்றாள். 'ற்றி' என்னும் ஒலிக்கு அதில் தனி எழுத்து இல்லை. முதலில் 'ட்டி' என்று எழுதினாள். அவர் "திருவோட்டியூர்" என்று படித்தார். தாத்தா தலையை அசைத்து மறுத்தார். அடுத்து 'ட்ரி' என்று எழுதினாள். அதுவும் சரியாக வரவில்லை. மூன்றாவதாக 'த்தி' என்று எழுதியதும் அவர், "திருவோத்தியூர்" என்றார்.

"விட்டுவிடு" என்று சிரித்தார் தாத்தா. "எங்கள் தெருவிலும் திருவொத்தியூர் என்றுதான் சொல்வோம்."

தாளை நான்காக மடித்து அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அட்டை மாலை வரை அவ்விடத்திலேயே இருந்தது. அவர் அதை எடுக்கவும் இல்லை, அதைக் காட்டி யாரிடமும் பேசவும் இல்லை. சிறந்த பழைய வண்டிக்கான பரிசு வேறொரு வண்டிக்குப் போயிற்று. பேரணி திரும்பி வந்ததும், தந்தை தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்து, கோவிலில் எவ்வளவு கூட்டம் தெரியுமா என்று சொல்லத் தொடங்கினார். இருவரும் பொறுமையாகக் கேட்டனர்.

மாலைப் பேருந்தில் தாத்தாவுக்குச் சன்னலோர இருக்கை கிடைத்தது. வன்னி மரங்களின் நிழல் வயல்களின் மேல் நீண்டு கிடந்தது. பாதி வழியில் அவர் பேத்தியின் பக்கம் திரும்பினார்.

"அந்த டாக்டரிடம் இன்னொரு முறை போக வேண்டும் கண்ணு."

"ஏன் தாத்தா, களிம்பு தீர்ந்துவிட்டதா?"

"ஏறும்போது வலிக்கவில்லை, இறங்கும்போதுதான் வலிக்கிறது என்று அவருக்குச் சொல்ல வேண்டும்."

"வலது முழங்காலின் உட்புறம்" என்றாள் அவள். "காலையில் மட்டும்."